காக்கடுவில் நான்கு நாள்: கூயிண்டாவில் தங்கிச் சுற்றும் முறை

ஆஸ்திரேலியாவின் வட முனையில், டார்வின் நகரிலிருந்து கிழக்கே மூன்றரை மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கிறது கூயிண்டா விடுதி. அது காக்கடு தேசியப் பூங்காவின் நடுவே, யெல்லோ வாட்டர் என்னும் மடுவின் கரையோரம் அமைந்தது. பூங்காவின் பரப்பு ஏறக்குறைய 20,000 சதுர கிலோமீட்டர். இயற்கை, பண்பாடு இரண்டுக்காகவும் 1981இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம்.

வடபகுதியின் தொல்குடிகள் தங்களைப் பினிஞ் என்றும் தென்பகுதியினர் முங்குய் என்றும் சொல்லிக்கொள்கிறார்கள். பூங்கா நிலம் ஏறக்குறைய முழுதும் சட்டப்படியே அவர்களுடையது. அதைப் பூங்காவாக நடத்த அரசுக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். நிர்வாகக் குழுவில் அவர்களே பெரும்பான்மை. எனவே இங்கே போகிறவர் இன்னொருவர் வீட்டுக்குப் போகிற விருந்தாளி. ஏன் இந்தப் பாதை இன்று மூடியிருக்கிறது, ஏன் அந்தப் பாறையைப் படம் எடுக்கக் கூடாது என்கிற கேள்விகளுக்கெல்லாம் விடை அதில்தான் இருக்கிறது.

எப்போது போவது

பயண நிறுவனங்கள் மழைக்காலம், வறண்ட காலம் என்று இரண்டாகப் பிரிக்கும். பினிஞ், முங்குய் மக்களுக்கோ ஆண்டில் ஆறு பருவங்கள். கார், கூதிர், முன்பனி என்று ஆறு பெரும்பொழுது எண்ணிய நமக்கு இது புதிதல்ல. நம்முடையவை இரண்டிரண்டு மாதமாகச் சமமாக நிற்கும். அவர்களுடையவை அப்படி இல்லை. எந்தப் பூ மலர்ந்தது, காற்று எந்தப் பக்கம் திரும்பியது என்பதைப் பார்த்துத்தான் பருவம் மாறியது என்பார்கள். கீழே வரும் மாதங்களைத் தோராயமாகவே கொள்ளுங்கள்.

டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை குட்ஜெவ்க், பெருமழை. பாதி சாலைகள் நீருக்குள் இருக்கும். அருவிகள் முழு வேகத்தில் கொட்டும், ஆனால் தரைவழியாகப் போக முடியாது; ஜபிரு நகரிலிருந்தோ கூயிண்டாவிலிருந்தோ கிளம்பும் சிறு விமானத்திலிருந்துதான் பார்க்கலாம். ஏப்ரலில் பாங்கெரெங்: ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த ஈட்டிப்புல்லைத் தரையோடு சாய்த்துவிட்டுப் போகும் கடைசிப் புயல்கள். மே முதல் ஜூன் பாதி வரை யெக்கே: காலையில் நீர்மேல் பனிமூட்டம், அல்லி பூத்த வெள்ளச் சமவெளி. ஜூன் பாதியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை வுர்கெங், குளிர்ப் பருவம். குளிர் என்றாலும் பகலில் 30 டிகிரி இருக்கும். இரவில் 17 வரை இறங்கும். ஆகஸ்ட் பாதிக்குப் பின் குருங்: வெயில் ஏறி நீர் சுருங்கும், சுருங்கிய நீரில் பறவைகள் ஆயிரக்கணக்கில் கூடும். அக்டோபர் பாதியிலிருந்து குனுமெலெங், மழைக்கு முந்தைய புழுக்கம். இடிமின்னல் தொடங்கும், மழை ஆங்காங்கே தூறுவதோடு சரி, சட்டை உடம்போடு ஒட்டும்.

முதல்முறை போகிறவர்களுக்கு யெக்கேயின் பின்பாதியும் வுர்கெங்கும் பொருத்தம். அருவிகளில் இன்னும் நீர் இருக்கும், பெரும்பாலான பாதைகள் திறந்திருக்கும், கொசுவும் குறைவு. பறவைகளுக்காகவே போவதென்றால் செப்டம்பர். அப்போது நடைகளை எல்லாம் காலை பத்து மணிக்குள் முடித்துவிட வேண்டும். அது முடியாத குடும்பம் அந்த மாதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

யெக்கே, வுர்கெங் நாட்களில் சாலையோரம் புகை தெரியும். காட்டுத்தீ என்று பதற வேண்டாம். ஈரம் இருக்கும்போதே ஆங்காங்கே திட்டுத்திட்டாகக் கொளுத்திவிட்டால், ஆண்டுக் கடைசியில் பெருந்தீ பரவ எரிபொருள் இருக்காது. இது பினிஞ் மக்களின் பழைய நில மேலாண்மை. பூங்காவும் அதையே பின்பற்றுகிறது. வண்டியை மட்டும் காய்ந்த புல்லின் மேல் நிறுத்தாதீர்கள். சூடான புகைபோக்கி பட்டாலே புல் பற்றிக்கொள்ளும்.

வண்டியும் சாமானும்

டார்வினிலிருந்து ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கி, ஆர்னெம் நெடுஞ்சாலையில் கிழக்கே திரும்பினால் ஜபிரு நகரம் 250 கிலோமீட்டர். அங்கிருந்து காக்கடு நெடுஞ்சாலையில் தெற்கே ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் கூயிண்டா. முழுக்கத் தார்ச்சாலை, சாதாரணக் கார் போதும். ஜிம் ஜிம் அருவி, ட்வின் அருவி, மகுக் ஆகியவற்றுக்குத்தான் ஃபோர் வீல் டிரைவ் வேண்டும். ஜிம் ஜிம் பாதையின் கடைசிப் பத்துக் கிலோமீட்டர் மணலும் பள்ளமுமாக இருப்பதால் தரையிலிருந்து உயரமான வண்டி அவசியம். ட்வின் போகும் வழியில் ஓர் ஓடையை நீருக்குள்ளேயே கடக்க வேண்டும். காற்றுக்குழாய் உயர்த்திப் பொருத்தாத வண்டியில் முயன்றால் என்ஜினுக்குள் தண்ணீர் போய்விடும். வாடகை வண்டி எடுக்கும்போது இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள்: மண்சாலையில் காப்பீடு உண்டா, சூரியன் மறைந்தபின் ஓட்டினால் உண்டா. பல ஒப்பந்தங்களில் இரண்டுமே இல்லை. இரவில் ஓட்டக் கூடாது என்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது. அந்தி சாயும்போது வல்லபி என்னும் சிறு கங்காருகளும் எருமைகளும் சாலைக்கு வரும். கறுத்த எருமை விளக்கொளியில் கடைசி நொடியில்தான் தெரியும்.

பூங்கா நுழைவுச் சீட்டை இணையத்தில் முன்பே எடுத்துக் கைபேசியில் சேமித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் வழியில் சிக்னல் இருக்காது. ஜபிருவிலும் கூயிண்டாவிலும் டெல்ஸ்ட்ரா நிறுவனத்தின் சிக்னல் கிடைக்கும். இடையே ஒன்றும் இல்லை. தூர நடைகளுக்கு ஆபத்தில் இருக்கும் இடத்தை மீட்புக் குழுவுக்கு அறிவிக்கும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர ஒலிபரப்பிக் கருவியை டார்வினில் வாடகைக்கு எடுங்கள். எரிபொருள் ஜபிருவிலும் கூயிண்டாவிலும் உண்டு. மளிகையை ஜபிரு சூப்பர் மார்க்கெட்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள். அசைவம் தொடாதவர்கள் அரிசி, பருப்பு, ஒரு சிறு மின்சாரக் குக்கர் கொண்டுபோனால் நிம்மதி.

தண்ணீர்: நடக்கும்போது ஒருவருக்கு மணிக்கு ஒரு லிட்டர். மூன்று மணி நேர நடைக்கு நான்கு பேர் என்றால் 12 லிட்டர், 12 கிலோ. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் ஆளுக்கு ஒரு பாட்டிலோடு கிளம்புகிறவர்களைத்தான் பாதி வழியில் தலைச்சுற்றலோடு நிழலில் உட்காரவைக்க வேண்டியிருக்கிறது.

மடுவில் படகு

மழைக்காலத்தில் பரந்து ஓடும் ஆறு, வறண்ட காலத்தில் ஆங்காங்கே தனித்தனி மடுவாகத் தேங்கி நிற்கும். அதற்குத்தான் பில்லபாங் என்று பெயர். யெல்லோ வாட்டரில் விடுதியின் படகுகள் விடியல் முதல் அந்தி வரை பல முறை கிளம்புகின்றன. எல்லோரும் விடியல் படகையே கேட்பார்கள். பறவைக்கும் ஒளிக்கும் அதுதான் சரி. ஆனால் குளிர்ப் பருவத்தில் முதலை பார்ப்பதே முக்கியம் என்றால் ஒன்பது மணிக்குப் பிந்திய படகு மேல். முதலைக்குத் தன் உடம்பைச் சூடாக்கிக்கொள்ளும் வழி வெயில் மட்டும்தான், அதனால் வெயில் ஏறியபின்தான் கரையேறிப் படுக்கும்.

விடியல் படகுக்கு ஒரு மெல்லிய ஸ்வெட்டர் வேண்டும். நீர்மேல் ஓடும் காற்று எதிர்பார்த்ததைவிடக் குளிரும். தொலைநோக்கி 8×42 போதும். அதற்கு மேல் பெருக்கினால் படகின் ஆட்டத்தில் ஒன்றும் நிலைக்காது. கேமராவுக்கு 300 முதல் 400 மில்லிமீட்டர் லென்ஸ். படகு திரும்பித் திரும்பிப் போவதால் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் ஒன்றே. ஓர இருக்கை கிடைக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கை விளிம்புக்கு வெளியே போகக் கூடாது.

நம்மவர்களுக்கு இங்கே பாதி உயிரினங்கள் சொந்தக்காரர்கள்தான். பூத்திருப்பது நம்மூர்த் தாமரையே, அதே இனம். பாரமண்டி என்று மீன்பிடிகாரர்கள் கொண்டாடுவது நம் கொடுவா. பினிஞ் மொழியில் அதன் பெயர் நமர்ன்கோல். வெண்வயிற்றுக் கடற்கழுகு அதே பறவை. இலைமேல் நடக்கும் இலைக்கோழி ஒன்றுவிட்ட உறவு. ஜபிரு நகருக்குப் பெயர் தந்த கருங்கழுத்து நாரையும் இந்தியாவில் உண்டு. மேக்பை வாத்துதான் முற்றிலும் புதிது. மனிமுனக் என்பார்கள்.

முதலை

தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது. இங்கே பாயும் மூன்று ஆறுகளுக்கு அலிகேட்டர் என்று பெயர். ஆனால் அலிகேட்டர் ஒன்றுகூடக் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடலோரத்தை அளக்க வந்தவர்கள் தவறாக வைத்த பெயர். இங்கே அஞ்ச வேண்டியது உவர்நீர் முதலை, பினிஞ் மொழியில் கிங்கா. பெயரில் உவர்நீர் இருந்தாலும் நன்னீரிலும் கடலிலிருந்து நூறு கிலோமீட்டர் உள்ளேயும் வாழும்.

நீரின் விளிம்பிலிருந்து குறைந்தது ஐந்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். முதலை தெரியவில்லை என்பது முதலை இல்லை என்பதற்கு அடையாளமல்ல. கலங்கிய நீரில் முழங்கால் ஆழத்தில்கூட அது மறைந்து கிடக்கும். ஒரே இடத்தில் இரண்டாவது முறை நீர் எடுக்கவோ கை கழுவவோ போகாதீர்கள். முதல் முறை கவனித்துவிட்டு இரண்டாம் முறைக்குக் காத்திருக்கும் விலங்கு அது. கூடாரம் போட்டால் நீரிலிருந்து 50 மீட்டர் தள்ளி. மீன் கழிவையும் சாப்பாட்டு மிச்சத்தையும் கரையில் போடக் கூடாது. இன்று உங்களால் பழகியது நாளை வருகிறவரைப் பிடிக்கும்.

கேஹில்ஸ் கிராசிங்கில் கிழக்கு அலிகேட்டர் ஆற்றுக்குக் குறுக்கே ஒரு தாழ்ந்த தரைப்பாலம் இருக்கிறது. கடல் ஏற்றத்தில் நீர் எதிர்த்திசையில் ஏறிப் பாலத்தை மூடும். அதோடு மீன் வரும், மீனுக்காக முதலைகள் வரிசைகட்டும். பார்வை மேடையிலிருந்து பாருங்கள், ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். டார்வின் கடல் ஏற்ற நேரத்தை அப்படியே கொள்ள முடியாது, இங்கே சில மணி நேரம் பிந்தும். ஜபிருவில் போவாலி பார்வையாளர் மையத்தில் அன்றைய நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். பாலத்தில் இறங்கி நடந்து உயிர்விட்டவர்கள் உண்டு.

பாறை ஓவியம் பார்க்கும் முறை

கூயிண்டாவிலிருந்து உபிர் ஒன்றேகால் மணி நேரத் தூரம். புருங்குய் (வரைபடங்களில் நூர்லாஞ்சி என்றும் இருக்கும்) அதில் பாதி. இரண்டையும் ஒரே நாளில் அடைத்துத் திணிக்க வேண்டாம். புருங்குயைக் காலையிலும், உபிரை இன்னொரு நாள் மாலையிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

உபிரில் ஒரு கிலோமீட்டர் சுற்றுப்பாதை. எல்லோரும் அந்திக் காட்சிக்காக நேரே நடாப் பாறைமேட்டுக்கு ஓடுவார்கள், ஓவியத்தை இருட்டில் தேடுவார்கள். சூரியன் மறைவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு வந்து ஓவியங்களை முடித்துவிட்டு, கடைசி முக்கால் மணி நேரத்தில் மேலே ஏறுங்கள். ஏறும் பாதை 250 மீட்டர்தான், ஆனால் செங்குத்து. பிடிப்புள்ள அடியுள்ள காலணி வேண்டும். இறங்கும்போது டார்ச் தேவைப்படும்.

முதன்மைக் கூடத்தில் இருப்பவை எக்ஸ்-ரே ஓவியங்கள்: மீனின் முதுகெலும்பு, குடல், ஈரல் எல்லாம் தோலுக்குள்ளே தெரியும்படி வரைந்தவை. வெறும் அலங்காரமென்று கடந்துவிடாதீர்கள். எந்த மீன், எந்தப் பகுதி உண்ணத்தக்கது, எங்கே கொழுப்பு சேரும் என்கிற அறிவும் அதில் இருக்கிறது. அங்கேயே பையில் கைவிட்டபடி நிற்கும் வெள்ளைக்காரர் ஒருவரையும் தேடிப் பாருங்கள். மேலே உயரத்தில் சிவப்பில் தைலசின் என்னும் வரிவிலங்கு. அது இந்தப் பெருநிலத்தில் சுமார் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டது. கையெட்டாத பாறைக் கூரையில் எப்படி வரைந்தார்கள் என்று கேட்டால், மிமி ஆவிகள் பாறையைக் கீழே இழுத்து வரைந்துவிட்டு மேலே தள்ளிவிட்டன என்பார்கள்.

செம்மண் நிறம் ஏன் நிலைக்கிறது, வெள்ளை ஏன் உதிர்கிறது என்று பலர் கேட்பதுண்டு. சிவப்பு இரும்புக் காவி பாறைக்குள் ஊறிவிடும். வெள்ளைக் களிமண் மேலே படிந்து நிற்பதோடு சரி, காலம் போகப் போக உரிந்துவிடும். அதனால் பழையவற்றில் சிவப்பே மிஞ்சுகிறது. தொடாதீர்கள், விரலின் எண்ணெயும் வியர்வையும் போதும். பாறைத் தரையில் தூசி கிளப்பி நடப்பதும் கெடுதல்தான், அது ஓவியத்தில் போய்ப் படியும்.

புருங்குயில் அன்பாங்பாங் கூடத்தில் தலையைச் சுற்றி வில்போல் மின்னல் வளைந்திருக்கும் உருவம் நமர்கொன், மின்னல் மனிதன். முழங்காலிலும் முழங்கையிலும் கட்டிய கற்கோடரிகளால் மேகத்தை உடைத்து இடி எழுப்புகிறான். குனுமெலெங்கில் தோன்றும் ஆரஞ்சும் நீலமுமான வெட்டுக்கிளிகள் அவன் பிள்ளைகள். இங்குள்ள உருவங்கள் 1960களில் மறுபடி வண்ணம் தீட்டப்பட்டவை. பழையதன் மேல் புதிதாக வரைவது இங்கே வழக்கம்; எங்கள் கோயில் சுவரில் சுண்ணாம்பு அடித்துவிட்டார்களே என்கிற நம் வருத்தத்தை இங்கே கொண்டுவர வேண்டாம்.

விருந்தாளியின் பழக்கங்கள்

விடுதியிலிருந்து நடந்தே போகும் தூரத்தில் வராஜன் பண்பாட்டு மையம் இருக்கிறது. வராஜன் என்றால் பன்றிமூக்கு ஆமை. கட்டடமே அந்த வட்ட வடிவம். வேறெங்கும் போகுமுன் முதல் நாள் மாலை இங்கே ஒன்றரை மணி நேரம் செலவிடுங்கள். உறவுமுறை பற்றிய பகுதி நமக்குச் சட்டென்று புரியும். ஆங்கிலத்தில் எல்லாரையும் அங்கிள் என்று ஒரே சொல்லில் அடைத்துவிடுவார்கள். பினிஞ் மொழியில் அப்பாவும் அப்பாவின் சகோதரரும் ஙாபர்ட், தாய்மாமனுக்கு மட்டும் ஙஜஜ் என்று தனிச் சொல். பெரியப்பாவும் சித்தப்பாவும் ‘அப்பா’வோடு நிற்க, மாமா வேறு பக்கம் நிற்பது போலவே. மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளாமல் ஒதுங்கி நடக்கும் வழக்கமும் உண்டு. உங்கள் வழிகாட்டி ஒருவரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் சண்டை என்று எண்ண வேண்டாம்.

கேள்விகளை அடுக்காதீர்கள். குறிப்பாக, ‘இது மருந்துச் செடிதானே?’ என்று ஆமாம் போடவைக்கும் கேள்வி வேண்டாம். மரியாதைக்காக ஆமாம் என்றே பதில் வரும், உங்களுக்குத் தவறான தகவல் கிடைக்கும். ‘இது என்ன?’ என்று கேட்டுவிட்டு மௌனமாக இருங்கள். பதில் ஒரு நிமிடம் கழித்து வரலாம். சில விஷயங்கள் ஆண்களுக்கு மட்டும், சில பெண்களுக்கு மட்டும். சொல்ல மறுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்வதும் படத்தைக் காட்டுவதும் துயரம் தரும். ஆளைப் படமெடுக்குமுன் கேளுங்கள். டிரோன் அனுமதியின்றிப் பறக்கவிட முடியாது.

புனித இடங்களில் அனுமதி என்பது வெறும் சம்பிரதாயம் இல்லை. 2019இல் குன்லோம் அருவியில் ஒரு புனித இடத்துக்கு அருகே அனுமதியின்றி நடைபாதை போடப்பட்டது. அந்த இடம் ஆண்டுக்கணக்கில் மூடிக்கிடந்தது. வழக்கு ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் வரை போனது. பூங்காவை நடத்தும் அமைப்பும் புனித இடங்களைக் காக்கும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதே என்று 2024இல் தீர்ப்பானது. எனவே ‘மூடியுள்ளது’ என்ற பலகையைத் தாண்டிப் போய்ப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள்.

தாழை முடைதல்

பெண்கள் நடத்தும் முடைதல் வகுப்பு கிடைத்தால் அரை நாளை அதற்கே ஒதுக்குங்கள். இங்கே வளர்வது தண்டைச் சுற்றித் திருகுபோல் இலை அடுக்கும் தாழை. நம் தாழம்பாய்த் தாழையின் இனம். பூங்காவுக்குள் ஓலை பறிக்க உங்களுக்கு அனுமதி கிடையாது. பறிப்பது அவர்கள், கற்பது நாம்.

நுனியில் இருக்கும் இளங்குருத்து மடல்களை மட்டும் கொக்கிக் கம்பால் வளைத்து இழுத்தெடுப்பார்கள். முற்றிய மடல் முறியும். மடலின் இரு ஓரத்திலும், அடிப்பக்க நடுநரம்பிலும் முள் வரிசை ஓடும்; உரிப்பதில்தான் எல்லாரும் திணறுவார்கள். மடலின் அடிப்பகுதியில் கட்டை விரல் நகத்தால் கீறி, ஓர முள்ளை நீளவாக்கில் இழுத்துக் கழற்றுங்கள். பிறகு நடுநரம்பில் மடித்து முள்ளை நீக்கி, மேல்தோலையும் அடித்தோலையும் இரண்டாகப் பிரித்தெடுங்கள். இரண்டு கையும் ஒரே வேகத்தில் விலக வேண்டும். ஒரு கை முந்தினால் பிளவு ஓரத்துக்கு ஓடி நார் பாதியில் அறுந்துவிடும். அப்படி ஓடத் தொடங்கினால் தடித்த பக்கத்தை நோக்கி இழுங்கள். பிளவு நடுவுக்குத் திரும்பும். பறித்த அன்றே உரிக்க வேண்டும், வாடினால் தோல் பிரியாது.

உரித்த நாரை முடிச்சுப் போட்டுக் கொத்தாகத் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். பச்சை வெளுத்து வைக்கோல் நிறமாகும். சாயத்துக்கு ஒரு செடியின் வேர்ப்பட்டையைச் சுரண்டி நாரோடு கொதிக்கவைத்தால் மஞ்சள் கிடைக்கும். அதே பானையில் ஒரு கைப்பிடிச் சாம்பலைப் போட்டால் மஞ்சள் சிவப்பாக மாறும். மாயமில்லை, சாம்பலின் காரம் செய்யும் வேலை. அந்தச் செடி நம் நுணாவின் குடும்பம். நுணா வேர்ச் சாயமும் காரம் பட்டால் இப்படித்தான் சிவக்கும். செந்நிறப் பூப் பூக்கும் புல்போன்ற இன்னொரு செடியின் கிழங்கு ஊதா கலந்த பழுப்பைத் தரும். நிறம் ஏறாமல் திட்டுத்திட்டாக நின்றால் பானையில் நாரை அதிகம் திணித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

பைகளும் பாய்களும் இங்கே பழங்காலம் தொட்டு உள்ளவை. சுருட்டிச் சுருட்டித் தைக்கும் வட்டக் கூடை மட்டும் 1920களில் கிறித்தவ மிஷன் வழியாகத் தென் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. புதியவர்களுக்குக் கற்றுத்தருவது பெரும்பாலும் இதைத்தான். தேவை பெரிய காதுள்ள ஒரு மழுங்கிய ஊசி, ஈரத்துணியில் சுற்றிய நார், அவ்வளவே.

உடைந்த நார்களை ஒன்றாகச் சேர்த்துப் பென்சில் கனத்தில் ஒரு கரு செய்யுங்கள். அதன் நுனியைச் சிறு வளையமாக வளைத்து, நல்ல நார் ஒன்றால் பத்துப் பன்னிரண்டு கண்ணித் தையல் போட்டு மூடுங்கள். அதன்பின் கருவை வளையத்தைச் சுற்றிப் படியவைத்து, முந்தைய சுற்றின் ஒவ்வொரு கண்ணியிலும் ஊசியை நுழைத்துத் தையுங்கள். தையலுக்குத் தையல் அரை சென்டிமீட்டர். வட்டம் பெரிதாகும்போது கண்ணிகள் விலகும்; அங்கே ஒரே கண்ணியில் இரண்டு தையல். தட்டையாக வேண்டிய அடிப்பகுதி கிண்ணம்போல் குழிந்தால் நீங்கள் இறுக்கி இழுக்கிறீர்கள். அப்பளம்போல் நெளிந்தால் தையல் அதிகம். சுவர் எழுப்ப வேண்டுமானால் கருவைப் பக்கத்தில் வைக்காமல் முந்தைய சுற்றின் தலைமேல் வையுங்கள். கரு மெலிவதற்கு முன்பே புது நாரைச் செருகுங்கள்; மெலிந்தபின் செருகினால் அந்த இடம் இடுப்பு ஒடிந்ததுபோல் தெரியும். இரண்டு மணி நேரத்தில் ஒரு டம்ளர் வைக்கும் வட்டு முடிந்தால் நல்ல வேகம். பக்கத்தில் அம்மா ஒருவர் பேசிக்கொண்டே நாலு சுற்று முடித்திருப்பார், பார்க்காதீர்கள்.

மண் அடுப்பு

வாத்து, எருமை இறைச்சி, கொடுவா எல்லாம் குழியில் வேகும். முழங்கால் ஆழக் குழியில் விறகை மூட்டி, மேலே கறையான் புற்றுக் கட்டிகளை அடுக்கி ஒரு மணி நேரம் எரிக்க வேண்டும். ஆற்றுக் கல் போடக் கூடாது: உள்ளே ஊறிய நீர் ஆவியாகிக் கல் வெடிக்கும். கட்டிகள் தணலானதும் எரியாத கட்டையை வெளியே எடுத்துவிட வேண்டும். விட்டால் இறைச்சியில் கசப்புப் புகை ஏறும். அதன் மேல் ஈரமாக்கிய காகிதப்பட்டை மரத்தின் பட்டை, பச்சைத் தழை, இறைச்சி, மறுபடி பட்டை, கடைசியில் மண். ஆவி கிளம்பும் ஓட்டையெல்லாம் மண் அள்ளி மூடுங்கள். வாத்துக்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம். இடையில் திறந்து பார்த்தால் போச்சு, ஆவி போனால் சூடு திரும்பாது.

காக்கடு பிளம் என்னும் புளிப்புக் காய் நம் கடுக்காய், தான்றிக்காயின் இனம். வைட்டமின் சி மிக அதிகம். வழிகாட்டி கையில் தந்தால் மட்டும் தின்னுங்கள். நம்மூர் வள்ளிக்கொடி மாதிரி இருக்கிறதே என்று தோண்ட வேண்டாம். இங்குள்ள காட்டு வள்ளியும் சைக்கஸ் என்னும் ஈந்தின் விதையும் பல நாள் நீரில் ஊறி நஞ்சு இறங்கினால்தான் உணவு.

குளியலும் உடம்பும்

குளிக்கலாம் என்று பூங்கா திறந்துவிட்ட இடத்தில் மட்டும், அதுவும் அன்று காலை நிலவரத்தைக் கேட்டபின். மழைக்குப்பின் முதலைகளைத் தேடிப் பிடித்து அகற்றிய பிறகே அந்த இடங்களைத் திறப்பார்கள். அப்போதும் உத்தரவாதம் தருவதில்லை.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். இங்கே மண்ணிலும் சேற்றிலும் மெலியாய்டோசிஸ் என்ற நோயின் பாக்டீரியா இருக்கிறது, மழைக்காலத்தில் மேலே வரும். கால் வெடிப்பு, சிராய்ப்பு வழியாக நுழையும். அதிகம் தாக்குவது சர்க்கரை உள்ளவர்களைத்தான். வெறுங்காலோடு சேற்றில் நடக்காதீர்கள், மூடிய காலணி போடுங்கள், புண்ணை நீர்புகாத பிளாஸ்திரியால் மூடுங்கள். ஊர் திரும்பியபின் விடாத காய்ச்சலோ இருமலோ வந்தால் டாக்டரிடம் வட ஆஸ்திரேலியா போனதைச் சொல்லுங்கள். கொசுவால் ராஸ் ரிவர் காய்ச்சலும் மூளைக்காய்ச்சலும் வரலாம். அந்தியில் முழுக்கைச் சட்டையும், டீட் அல்லது பிக்காரிடின் உள்ள பூச்சும் வேண்டும்.

வாங்குவது

கைவினைப் பொருளை ஜபிருவில் மராவுடி கலைக்கூடத்தில் வாங்கலாம்; அது அந்த நிலத்துக்குரிய மிரார் மக்களின் நிறுவனம். ஆற்றுக்கு அக்கரையில் குன்பலான்யா ஊரில் இன்ஜலக் கலைக்கூடம். அங்கே போக வடக்கு நில மன்றத்தின் அனுமதிச் சீட்டு முன்பே வேண்டும், கேஹில்ஸ் கிராசிங்கையும் நீர் இறங்கிய நேரத்தில் கடக்க வேண்டும். திரும்பி வரும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள், இல்லையென்றால் அக்கரையில் மாட்டிக்கொள்வீர்கள். கலைஞரின் பெயர், ஊர், பொருள் எழுதிய சான்றிதழ் கேளுங்கள். டார்வின் கடைகளில் கிடைக்கும் மூங்கில் டிஜெரிடூ (ஊதி இசைக்கும் நீளக் குழல்) இறக்குமதிப் பொம்மை. உண்மையானது கறையான் உள்ளே குடைந்த யூகலிப்டஸ் தண்டு. உள்ளே விரல் விட்டால் வழவழப்பு இருக்காது, வாய் வைக்கும் இடத்தில் தேன்மெழுகு இருக்கும். பெண்கள் அதை ஊதிப் பார்க்குமுன் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பகுதியில் அது ஆண்களின் வாத்தியம். இறகு வைத்த கூடையாக இருந்தால் நாட்டைவிட்டு எடுத்துப்போக ஏற்றுமதி அனுமதி தேவைப்படலாம், அதை வாங்கும் கடையிலேயே விசாரித்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.